ஹில்க்காவுக்கு ஒரு புத்தகம்

தைஸ்தோ மொய்லனென் தன் கிராமத்துச் சாலையில் ஓய்வு பெறும்வரை பனி தள்ளும் லாரி ஓட்டியவர். ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுவரும் நூலக வண்டி பனிப்பள்ளத்தில் இறங்கிவிட்டால் சங்கிலி கட்டி இழுத்துவிடுவதும் அவர்தான். பல குளிர்காலங்களில் இழுத்திருக்கிறார். ஆனால் அந்த வண்டியின் படியில் ஒரு நாளும் ஏறியதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்: புத்தகங்களும், புத்தகங்களுக்கு நடுவே நேரம் போவது தெரியாமல் நிற்கும் அவர் மனைவி ஹில்க்காவும்.

2005-ஆம் வருடம் நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் முதன்முறையாகப் படியேறினார். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஹில்க்கா கடைசியாக எடுத்திருந்த இரண்டு புத்தகங்கள்.

பின்னால் வந்த ரெய்னோ சும்மா விடவில்லை. அடுத்த வீட்டுக்காரர், சிறுவயதிலிருந்தே கூட்டாளி.

“என்னப்பா தைஸ்தோ, வண்டி மாறி ஏறிட்டியா? இதுல பனி தள்ளுற பலகை இல்லியே.”

“வாய மூடிக்கிட்டு ஏறு. குளிரு உள்ள வருது.”

வண்டியை ஓட்டுகிறவளும் கைசுதான், புத்தகம் கொடுக்கிறவளும் கைசுதான். நாற்பதைத் தாண்டிய பெண். சட்டென்று சிரிக்கிறவள், ஆனால் அன்றைக்கு அவரைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. கிராமத்தில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

செப்டம்பரில் ஹில்க்கா காட்டில் பழம் பறிக்கப் போனாள். வாளி நிறையாமலே திரும்பி வந்தாள். சமையலறை வாசலில் நின்றுகொண்டு ஏதோ சொன்னாள். சொன்னது எந்த மொழியிலும் இல்லை. பிறகு சரிந்து விழுந்தாள். பக்கவாதம். மாவட்ட மருத்துவமனையில் இலை உதிர்ந்து முடியும்வரை வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது கை, வலது கால் போயிற்று. பேச்சில் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது. அது ‘கிட்டத்தட்ட’. ஏன் அந்த வார்த்தை என்று மருத்துவருக்கும் தெரியவில்லை. பசிக்கிறதா என்று கேட்டால் ‘கிட்டத்தட்ட’. வலிக்கிறதா என்றாலும் ‘கிட்டத்தட்ட’. அதைக் கோபமாகவும் சொல்வாள், கெஞ்சலாகவும் சொல்வாள். எழுத்துகள் அவளுக்கு வெறும் கோடுகளாகிவிட்டன. வந்த முதல் வாரம் செய்தித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு மடித்து அடுப்புப் பக்கம் தள்ளிவிட்டாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், “அவங்க என்ன படிப்பாங்களோ அதையே நீங்க சத்தமாப் படிச்சுக் காட்டுங்க. கேக்குறது கொஞ்சமாவது உள்ள போகும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் என்ன படிப்பாள்? அதுதான் தைஸ்தோவுக்குத் தெரியாது.

ஹில்க்கா மாடு கறக்கும் வேலையில் இருந்தவள். சொந்த மாடு கிடையாது. பண்ணைக்காரர்கள் விடுப்பில் போகும்போது அவர்களுக்குப் பதிலாகப் போய் கறந்து, தீனி வைத்து, சாணம் அள்ளிவிட்டு வரும் வேலை. நகராட்சிச் சம்பளம். ஊர் ஊராகப் போனாள், ஒவ்வொரு ஊருக்கும் பையில் ஒரு புத்தகம் போனது. கதைப் புத்தகம் தொடமாட்டாள்.

“இல்லாதவங்க இல்லாத ஊர்ல அழறதுக்கு நான் ஏன் கூட அழணும்?” என்பாள். “நடந்தது என்னன்னு சொல்லு. அதுக்கே எனக்கு ஆயுசு பத்தாது.”

சோப்பு எப்படி வந்தது, பெரியம்மை எந்தத் துறைமுகத்தில் இறங்கியது, வரைபடக்காரர்கள் ஒரு ஆற்றை எப்படித் தவறான பக்கம் ஓடவிட்டார்கள் என்று அவளுக்கு எல்லாம் வேண்டும். புத்தகம் கொண்டுவந்தால் சமையலறை மேசையில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்திலிருந்து திறப்பாள்.

“பின்னாலேருந்து படிச்சா கொலைகாரன் யாருன்னு முதல்லயே தெரிஞ்சுபோயிடுமே?” என்று தைஸ்தோ கிண்டல் செய்வார்.

“இதுல எல்லாரும் செத்தவங்கதான். கண்டுபிடிக்க ஒண்ணும் இல்ல. நீ காபியக் குடி.”

அவ்வளவுதான் அவர்களுக்குள் புத்தகத்தைப் பற்றி நடந்த பேச்சு. முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அவர் அதற்கு மேல் கேட்டதில்லை. கேட்காததில் தவறு ஒன்றும் இருப்பதாக அப்போது தோன்றவுமில்லை.

அந்த முதல் செவ்வாய்க்கிழமை அவர் தனக்குத் தெரிந்த ஒரே அலமாரியிலிருந்து எடுத்தார். போர்ப் புத்தகம். தடித்த அட்டை, உறைந்த காட்டில் பனிச்சறுக்கில் போகும் வீரர்கள். இதைப் பிடிக்காதவர் யார் என்று நினைத்தார். வீட்டுக்கு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தை ஆரம்பித்தார். இரண்டாவது பத்தி முடிவதற்குள் ஹில்க்கா இடது கையால் புத்தகத்தை மேசையிலிருந்து தள்ளிவிட்டாள். அது தரையில் விழுந்த சத்தத்தில் மேசைக்கடியில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

அடுத்த முறை வேறு யோசனை. பக்கவாதம் வந்தவர்களுக்கும் குடும்பத்தாருக்குமான புத்தகம். அட்டையில் ஒரு தம்பதி கையைக் கோத்துக்கொண்டு கடற்கரையில் நடந்தார்கள். அவர் தலைப்பைப் படித்தபோதே ஹில்க்கா அழ ஆரம்பித்தாள். அழுகையை நிறுத்த அவளுக்கே வழி தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. புத்தகத்தைக் கொண்டுபோய் விறகுக் கொட்டகையில் வைத்தார், அவள் கண்ணில் படாத இடம் வீட்டுக்குள் இல்லை என்பதுபோல.

மூன்றாவது பறவைகளின் படப் புத்தகம். படிக்க முடியாவிட்டால் என்ன, பார்க்கலாமே. அவள் ஒரு பக்கம் பார்த்தாள், இன்னொரு பக்கம் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். குழந்தைக்குக் கிலுகிலுப்பையை ஆட்டிக் காட்டியவனைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

“கிட்டத்தட்ட!” என்றாள். அதைவிட மோசமான வசவை அவர் வாழ்நாளில் வாங்கியதில்லை.

டிசம்பரில் அவர் கைசுவிடம் போய் நேராகவே கேட்டார். “இத்தனை வருஷமா அவ என்னென்ன எடுத்தான்னு உங்க கம்ப்யூட்டர்ல இருக்குமில்ல? அதப் பாத்துச் சொல்லு. அதே மாதிரி எடுத்துக்கிறேன்.”

கைசு இல்லையென்று தலையாட்டினாள். “இருக்காது தைஸ்தோ. புத்தகம் திரும்பி வந்தவுடனே அழிஞ்சிடும். யார் என்ன படிச்சாங்கன்னு வெச்சிருக்கக் கூடாது. சட்டம்.”

“நான் அவ புருஷன்.”

“புருஷனுக்கும் சேத்துத்தான் அந்தச் சட்டம்.”

அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. வண்டியின் வெப்பக்காற்றைக் கூட்டிவிட்டு வந்து அலமாரிக்கு முன்னால் நின்றாள்.

“எனக்கு ஞாபகம் இருக்கிறதச் சொல்றேன். அவங்க அட்டைய நம்பவே மாட்டாங்க. முன்னட்டையில எழுதினவன் பல்லக் காட்டிக்கிட்டு நின்னா அந்தப் புத்தகம் அதோட சரி, தொடமாட்டாங்க. முதல்ல கடைசிப் பக்கம். அங்க சொல்லடைவுன்னு ஒண்ணு இருக்கும், எந்தச் சொல்லு எந்தப் பக்கத்துல வருதுன்னு. அதுல விரல வெச்சு மேலேருந்து கீழ வருவாங்க.”

“எதத் தேடுவா?”

“அது எனக்குத் தெரியாது. சில சமயம் பாதியிலயே சிரிச்சுக்கிட்டுப் புத்தகத்தப் பைக்குள்ள போட்டுடுவாங்க. சில சமயம் முழுக்கப் பாத்துட்டு, ‘இவனுக்கு ஒண்ணும் தெரியல கைசு’ன்னு திரும்ப வெச்சிடுவாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம், எழுதினவர் எந்தெந்தப் புத்தகத்தப் பாத்து எழுதினார்னு பின்னால போட்டிருப்பாங்க. அதுலேருந்து ஒண்ணப் புடிச்சு, ‘இது எனக்கு வேணும்’பாங்க. அது வந்தா அதுக்குப் பின்னாலேருந்து இன்னொண்ணு. ஒரு புத்தகம் இன்னொரு புத்தகத்தோட வீட்டு வாசல்ல கொண்டுபோய் விட்ட மாதிரி போய்க்கிட்டே இருப்பாங்க. எங்க கிளம்பினாங்கன்னு எனக்குத் தெரியாது. எங்க போய்க்கிட்டு இருந்தாங்கன்னும் தெரியாது.”

தைஸ்தோ தலையைச் சொறிந்தார். சாலையென்றால் அவருக்குப் புரியும். சாலைக்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவு உண்டு, வழி நெடுக ஓரம் காட்டும் பனிக்கம்பங்கள் நட்டிருக்கும்.

அன்றைக்கு அவர் பல் காட்டாத ஒரு புத்தகத்தை எடுத்துவந்தார். அந்தக் காலத்தில் கடல் தாண்டித் தபால் கொண்டுபோன படகுக்காரர்களைப் பற்றியது. அதை ஹில்க்காவின் முன் வைத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது நிச்சயம், அவர் கண்ணால் பார்த்தார்.

சொல்லடைவைச் சத்தமாகப் படித்தார். அதைப் படிக்கிற மனிதன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டே படித்தார். “அபராதம். உறைபனி. ஓட்டைப் படகுகள். கடவுச்சீட்டு. கலங்கரை விளக்கு. கையுறைகள்.”

ஹில்க்காவின் இடது கை புத்தகத்தின்மேல் வந்து விழுந்தது.

“கையுறையா? இதுவா?”

“கிட்டத்தட்ட.”

அவசர அவசரமாக அந்தப் பக்கத்தைப் புரட்டினார். பனிக்கட்டிமேல் படகை இழுத்துக்கொண்டு போன தபால்காரர்களுக்குக் கையுறை யார் வாங்கித் தருவது என்று அதிகாரிகளோடு நடந்த நீண்ட சண்டை. படித்தார். இவருக்கே சுவாரசியமாக இருந்தது. நெடுஞ்சாலைத் துறையோடு கையுறைக்காக இவரும் சண்டை போட்டவர்தான். தலையை நிமிர்த்தி, “பாத்தியா ஹில்க்கா, அப்பவே இந்தக் கூத்துதான்!” என்றார்.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டாளா, புரிந்ததா, அல்லது களைத்துப்போய்க் கை தானாகப் புத்தகத்தின்மேல் விழுந்ததா? மறுநாள் அதே பக்கத்தைப் படித்தார். கை அசையவில்லை. அடுத்த நாள் வேறு சொற்களைப் படித்தார். ‘கலங்கரை விளக்கு’ என்றபோது ஒரு முறை அசைந்தது. ‘அபராதம்’ என்றபோதும் அசைந்தது. அப்புறம் தைஸ்தோவுக்கு எதிலும் நம்பிக்கை இல்லாமல் போயிற்று. ஆனாலும் விடவில்லை. காலைக் கஞ்சிக்குப் பிறகு கொஞ்சம், அவள் தூங்கி எழுந்த பிறகு கொஞ்சம் என்று படித்துக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை கைசு வண்டியிலிருந்து இறங்கி வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு தடித்த புத்தகம்.

“ஹில்க்கா போன கோடையில கேட்டது. இந்த வட்டாரத்துக்கே ஒரு பிரதிதான் இருக்கு, முன்னால பல பேர் காத்துக்கிட்டு இருந்தாங்க. இப்பத்தான் முறை வந்துச்சு.”

தைஸ்தோ கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். ஹில்க்கா தானாகவே தேர்ந்தெடுத்த புத்தகம். இனி ஊகம் செய்ய வேண்டியதில்லை. இதைப் படித்தால் போதும். வாங்கித் திறந்தார். ஒரு வரி பார்த்தார், மறு வரி பார்த்தார்.

“கைசு, இது என்ன பாஷை?”

“ஸ்வீடிஷ். உங்களுக்குத் தெரியாதா? அவங்க தெரியும்னாங்களே.”

தெரியும், அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால், இந்தப் பக்கத்துப் பெண்கள் பாதிப்பேர் வேலை தேடி ஸ்வீடனுக்குக் கப்பல் ஏறிய காலத்தில், ஹில்க்காவும் போய் பொரோஸ் நகரத்து நெசவாலை ஒன்றில் சில வருடம் இருந்தாள். அதைப் பற்றி அவள் சொன்னதெல்லாம், அங்கே ரொட்டி இனிப்பாக இருக்கும், தறிச் சத்தத்தில் காது அடைத்துவிடும், இவ்வளவுதான். அந்த மொழியில் அவள் ஒரு தடித்த புத்தகம் படிக்கும் அளவுக்குத் தேர்ந்தவள் என்பது அவருக்குத் தெரியாது. தைஸ்தோ கிராமப் பள்ளிக்கூடத்தோடு நின்றவர். அவருக்கு ஸ்வீடிஷில் ‘நன்றி’ தெரியும், அதுவும் டிவி பார்த்து.

படங்களை வைத்து விஷயத்தைப் பிடித்தார். ஏரியில் பனிக்கட்டியைச் சதுரம் சதுரமாக அறுக்கும் ஆட்கள். குதிரைகள். மரத்தூள் குவியல். கப்பல்கள். குளிர்சாதனப் பெட்டி வருவதற்கு முன்னால் வடக்கிலிருந்து லண்டன் போன்ற ஊர்களுக்குப் பனிக்கட்டி விற்ற வியாபாரம்.

“அட கடவுளே” என்றார் தைஸ்தோ. “ஆயுசு பூரா நான் ஓரமாத் தள்ளினத இவனுங்க கப்பல்ல ஏத்திக் காசாக்கியிருக்கானுங்களே!”

அன்று மதியம் ஹில்க்காவின் முன்னால் அதைத் திறந்து வைத்தார். வேறு வழி தெரியாமல் படிக்கத் தொடங்கினார். அர்த்தம் தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் தன் தாய்மொழியான பின்னிஷில் சொல்வதுபோலவே சொன்னார். நாக்கு கல்லிலும் குழியிலும் ஏறி இறங்கியது. ஒரு நீளமான சொல்லில் மூன்று மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து நின்றன. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதில் பாய்ந்தார்.

ஒரு சத்தம் கேட்டது. நாய் என்று நினைத்தார். நிமிர்ந்து பார்த்தார்.

ஹில்க்கா சிரித்துக்கொண்டிருந்தாள். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது, மறுபக்கம் அப்படியே தொங்கியது. தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. செப்டம்பருக்குப் பிறகு அவள் சிரித்து அவர் பார்க்கவில்லை.

“என்னடி சிரிக்கிற? நீ படிச்சுக் காட்டேன், பாப்போம்!”

அவள் இன்னும் சிரித்தாள். அவர் அந்தச் சொல்லை மறுபடியும் சொன்னார், வேண்டுமென்றே இன்னும் மோசமாக. இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். கடைசியில் ஹில்க்காவுக்குப் புரையேறி, அவர் முதுகைத் தட்டிவிட வேண்டியதாயிற்று.

ஆனால் சிரிப்பு ஒரு வாரம்தான் வந்தது. பிறகு அவள் அவர் படிக்கும்போது நெற்றியைச் சுருக்க ஆரம்பித்தாள். இடது கையை நீட்டிப் பக்கத்தைத் தட்டினாள். எதையோ கேட்டாள். “கிட்டத்தட்ட, கிட்டத்தட்ட” என்றாள். அவள் தேடியது இந்தப் புத்தகத்துக்குள் எங்கோ இருந்தது. அவளால் காட்ட முடியவில்லை, அவரால் பார்க்க முடியவில்லை. இருவருக்கும் நடுவில் அது திறந்து கிடந்தது.

ஔலு நகரத்தில் இருந்த மகள் மெர்யாவுக்குத் தொலைபேசியில் ஒரு பத்தியைப் படித்துக் காட்டினார்.

“அப்பா, நீ படிக்கிறது எனக்குப் புரியவே இல்ல. ஸ்வீடிஷ்தானா அது?”

“பள்ளிக்கூடத்துல படிச்சியே.”

“அத வெச்சு காபி வேணும்னு கேக்கலாம்ப்பா. பனிக்கட்டி வியாபாரமெல்லாம் பேச முடியாது.” அப்புறம் கேட்டாள்: “அம்மாவுக்கு இதெல்லாம் புரியுதுன்னு நீ நெனைக்கிறியா?”

“தெரியல.”

“அப்புறம் எதுக்கு?”

“சரி, வெச்சிடறேன். ஹில்க்கா எழுந்துட்டா” என்றார். அவள் எழுந்திருக்கவில்லை.

ரெய்னோவின் வீட்டுப் பரணில் கிடந்த பழைய அகராதியை வாங்கிவந்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தார். ஒரு பத்திக்கு ஒரு காலைப்பொழுது போயிற்று. முடிவில் கிடைத்தது இது: அந்த ஏரியின் பனிக்கட்டி மற்ற ஏரிகளின் பனிக்கட்டியைவிடத் தெளிவாக இருந்ததாம். ஏன் தெளிவாக இருந்தது என்பது அடுத்த பத்தியில். அதைப் படித்துச் சொல்ல அவர் திரும்பியபோது ஹில்க்கா நாற்காலியில் தூங்கிப்போயிருந்தாள்.

மார்ச்சில் புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டிய தவணை முடிந்தது.

“இன்னும் கொஞ்ச நாள் கொடு கைசு. நான் இன்னும் பத்துப் பக்கம்கூடத் தாண்டல.”

“என் கையில இல்ல தைஸ்தோ. கொக்கோலா ஊர்ல ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்கார்.”

தைஸ்தோ புத்தகத்தைக் கையில் வைத்தபடி நின்றார். கொக்கோலாவில் இருக்கும் அந்த ஆளுக்கு ஸ்வீடிஷ் தெரிந்திருக்கும். அவன் விரலை வைத்து மேலிருந்து கீழே வருவான், சிரிப்பான், பைக்குள் போட்டுக்கொள்வான். ஹில்க்கா எதற்காக இதைக் கேட்டாள் என்று முன்பின் தெரியாத அவனுக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். போன் போட்டுக் கேட்கலாமா என்றுகூட நினைத்தார். யாரென்று கைசு சொல்லமாட்டாள். சட்டம்.

புத்தகத்தை மேசைமேல் வைத்தார். “அட்ட கிழியல. பாத்துக்கோ” என்றார்.

ஏரியின் பனி உருகித் தண்ணீர் தெரிந்த வாரத்தில் ஹில்க்காவுக்குப் பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தது. அதற்குப் பிறகு அந்த ஒரு வார்த்தையும் இல்லை. அவளைத் தூக்கிக் குளிப்பாட்ட தைஸ்தோவின் இடுப்பு இடம் கொடுக்கவில்லை. ஒரு நாள் நீராவிக் குளியலறையான சவுனாவின் முன்னறையில் இருவருமே விழுந்து, ரெய்னோ வந்து கதவைத் தட்டும்வரை தரையிலேயே கிடந்தார்கள். அந்தக் கோடையில் அவளை நகராட்சிப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார். சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, பழக்கத்தில் இரண்டு கோப்பைக் காபி போட்டு, இரண்டையும் தானே குடித்தார்.

தினமும் மதியப் பேருந்தில் போனார். இல்லத்துக்கு எதிரிலேயே பெரிய நூலகம். நூலக வண்டியிலாவது நான்கு அலமாரி. இங்கே மாடிக்கு மாடி. முதல் தடவை உள்ளே போனவர் எங்கே நிற்பது என்று தெரியாமல் வாசல் கம்பளத்திலேயே நின்றார். பனிப்புயலில் கம்பங்கள் எல்லாம் மூடிப்போய், சாலை எது வயல் எது என்று தெரியாமல் லாரியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்த இரவுகள் உண்டு. அப்போதுகூட விடிந்தால் தெரியும் என்று ஒன்று இருந்தது.

பிறகு போகப்போக ஏதோ ஒரு வரிசையில் நுழைவார். கையில் பட்டதைத் திறப்பார். கால் போனவர்களுக்கு மரக்கால் செய்தவர்கள், பட்டுப்பூச்சி வளர்ப்பு, பழைய சிறைச்சாலைகளின் சமையல் என்று ஏதாவது ஒன்று. ஹில்க்கா இதை எடுத்திருப்பாளா? ‘இவனுக்கு ஒண்ணும் தெரியல’ என்று வைத்திருப்பாளா? கேட்பதற்கு யாருமில்லை. ஒன்றை எடுத்து, வாசல்வரை போய், திரும்பி வந்து வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பார். அங்கே வேலை பார்த்த பெண்கள் அவரை ஏதோ ஆராய்ச்சிக்காரர் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை. இல்லத்தில் வியாழன் என்றால் பட்டாணி சூப். தைஸ்தோ கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உப்பங்கழிகளைப் பற்றி யாரோ எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு நீளமான வாக்கியத்தின் நடுவில் இருந்தார். செவிலிப்பெண் தட்டோடு வந்து கரண்டியை ஹில்க்காவின் வாயருகே கொண்டுபோனாள்.

ஹில்க்கா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“பாருங்க, நீங்க படிக்கிறதக் கேக்குறாங்க. சாப்பாடுகூட வேணாமாம்” என்றாள் அந்தப் பெண், ஆறுதலாக.

“சூடா இருக்குமோ என்னமோ” என்றார் தைஸ்தோ.

அந்தப் பெண் கரண்டியை ஊதினாள். மறுபடியும் நீட்டினாள். ஹில்க்கா மறுபடியும் திருப்பிக்கொண்டாள். முகம் இப்போது அவர் இருந்த பக்கம் இருந்தது, ஆனால் கண் அவர்மேல் இல்லை. அவர் தோளுக்குப் பின்னால் சுவரில் எங்கோ நின்றது.

தைஸ்தோ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாக்கியத்தை மீண்டும் முதலிலிருந்து ஆரம்பித்தார். கொஞ்சம் மெதுவாகப் படித்தார். சூப் ஆறிக்கொண்டிருந்தது. கடைசிப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது.